ஒரு குடைமிளகாய், இரண்டு புத்தகங்கள்

சமையல் புத்தகங்களுக்கு நம் பத்திரிகைகளில் யாரும் ஒழுங்காக விமரிசனம் எழுதுவதில்லை. 'அச்சு அழகாக இருக்கிறது, புதுமணத் தம்பதிகளுக்குப் பரிசளிக்க ஏற்றது' என்று இரண்டு வரி போட்டுவிட்டு அடுத்த கவிதைத் தொகுப்புக்குப் போய்விடுவார்கள். ஒரு நாவல் சரியில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வீண். சமையல் புத்தகம் சரியில்லை என்றால் அரை கிலோ மீன் போச்சு, வந்த விருந்தாளி பட்டினி. யோசித்துப் பார்த்தால் கறாரான விமரிசனம் இதற்குத்தான் அதிகம் தேவை.

இந்த வாரம் இரண்டு இங்கிலீஷ் சமையல் புத்தகங்களைப் பார்க்கலாம். ஒன்று எலிசபெத் டேவிட் எழுதிய 'சம்மர் குக்கிங்', 1955. மற்றது டெலியா ஸ்மித் எழுதிய 'சம்மர் கலெக்ஷன்', 1993. நடுவில் 38 வருஷம். இரண்டு பேரும் விற்பது ஏறக்குறைய ஒரே கனவு. லண்டனில் ஜூன் மாதம் ராத்திரி 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓவனில் வாட்டிய காய்கறி, ஒரு துண்டு மீன், எலுமிச்சம்பழம், ரொட்டி. வயிற்றில் கனக்காத ராத்திரிச் சாப்பாடு. நம் ஊரில் கோடை என்றால் எப்போது முடியும் என்று காலண்டரைப் பார்ப்போம். அங்கே அது வந்ததும் ஓடிவிடும் விருந்தாளி. அதனால் அதற்கென்று தனிப் புத்தகமே போடுகிறார்கள்.

"மீனு, எண்ணெய், உப்பு, எலுமிச்சம்பழம்... இதுக்கு ஒரு புத்தகம் வேணுமா சார்?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும் என்பதுதான் என் கட்சி. விருந்துச் சமையலைவிட இந்த மாதிரி எளிய சாப்பாட்டுக்குத்தான் நீளமான, பொறுமையான விளக்கம் வேண்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் டேவிட்.

எலிசபெத் டேவிட் (1913-1992) வசதியான குடும்பத்துப் பெண். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் ஒரு சிநேகிதரோடு படகில் கிளம்பி பிரான்ஸின் தென்கரை, இத்தாலி, கிரீஸ் என்று அலைந்து, ஜெர்மன் படைகள் துரத்த எகிப்துக்குப் போய்ச் சேர்ந்தார். போர் முடிந்து 1946-ல் இங்கிலாந்து திரும்பியபோது தேசமே ரேஷன் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. போர்க்காலத்தில்கூட இல்லாத ரொட்டி ரேஷன் அந்த வருஷம்தான் வந்தது. இறைச்சி ரேஷன் 1954 வரை நீடித்தது. மீனுக்கு ரேஷன் இல்லை. ஆனால் கிடைத்தால்தானே? தென்னாப்பிரிக்காவிலிருந்து 'ஸ்நூக்' என்ற ஒரு மீனை டப்பா டப்பாவாக அரசாங்கம் இறக்குமதி செய்து, 'சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது' என்று பிரசாரம் செய்து பார்த்தது. ஜனங்கள் மசியவில்லை. ஆலிவ் எண்ணெய் மருந்துக்கடையில் கிடைத்தது, சின்ன பாட்டிலில், காதில் விட்டுக்கொள்வதற்கு!

1946-47 குளிர்காலத்தில் ஒரு சிற்றூர் ஹோட்டலில் தங்கியிருந்த டேவிட், அங்கே கொடுத்த சாப்பாட்டின் எரிச்சல் தாங்காமல், தான் தின்ற நல்ல சாப்பாட்டையெல்லாம் காகிதத்தில் எழுத ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1950-ல் வந்த 'எ புக் ஆஃப் மெடிட்டரேனியன் ஃபுட்'. வாரத்துக்கு ஒரு கைப்பிடி இறைச்சி கிடைத்துக்கொண்டிருந்த வாசகருக்கு, முழு ஆட்டுக்கு உள்ளே வைக்கும் துருக்கி மசாலாவை எப்படிச் செய்வது என்று அதில் குறிப்பு இருந்தது. இதைக் கொழுப்பு என்றும் சொல்லலாம், ஏக்கம் என்றும் சொல்லலாம். வாசகர்கள் இரண்டாவதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். சமைக்க முடியாத புத்தகத்தை வாங்கி, படுக்கையில் வைத்துப் படித்தார்கள்.

'சம்மர் குக்கிங்' அதைவிடக் காலில் தரை படும் புத்தகம். ரேஷன் முழுக்க ஒழிந்த அடுத்த வருஷமே வந்தது. பச்சிலை மூலிகைகள், சாலட், சூப், முட்டை, மீன், காய்கறி, ஜாம் என்று அத்தியாயங்கள், பிக்னிக்குக்குக்கூட ஒன்று. அடிநாதம் ஒன்றுதான்: அந்தந்தப் பருவத்தில் வருவதை அப்போதே, அதிகம் சீண்டாமல் சாப்பிடு. வருஷம் முழுக்க உறைய வைத்த பட்டாணியைத் தின்றுகொண்டிருப்பவர்கள் மேல் அம்மாவுக்குக் கோபம். நல்ல கோபம். மீனை இவர் நடத்தும் விதம் அந்தக்கால இங்கிலாந்துக்குப் புதிது. மாவு தோய்க்காமல், வெள்ளை சாஸ் ஊற்றி மூடாமல், முழு மீனாக நெருப்பில் வாட்டி, கூட ஒரு மூலிகை, கொஞ்சம் எண்ணெய். அவ்வளவுதான்.

மொழியும் அப்படியே. ஒரு குறிப்பு என்பது பல சமயம் ஒரே பத்திதான். 'கொஞ்சம்', 'போதுமான அளவு', 'வேகும் வரை' என்று போகும். படிக்க ரொம்ப சுகம். இலக்கியமாகப் பார்த்தால் டேவிட்டுக்கு முழு மார்க். பிரச்னை, புத்தகத்தை மூடிவிட்டு அடுப்பங்கரைக்குப் போகும்போது ஆரம்பிக்கிறது.

ஓர் உதாரணத்தைப் பிரித்துப் பார்க்கலாம். இத்தாலியின் வடமேற்கு மூலையில் பீட்மாண்ட் பிரதேசம். அங்கே கோடையில் ஒரு பண்டம். குடைமிளகாயை நீளவாக்கில் பிளந்து, விதையை எடுத்துவிட்டு, உள்ளே தக்காளி, பூண்டு, உப்பிட்ட நெத்திலி வைத்து, எண்ணெய் விட்டு ஓவனில் வாட்டுவது. வாட்டிய காய்கறியும் மீனும் ஒரே படகில். இந்தக் குறிப்பை டேவிட் தன் 'இத்தாலியன் ஃபுட்' (1954) புத்தகத்தில் கொடுத்திருக்கிறார். மிளகாய்த் துண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சீவல் பூண்டு, தக்காளித் துண்டு, நெத்திலித் துணுக்கு, ஒரு சின்ன உருண்டை வெண்ணெய், கொஞ்சம் எண்ணெய். ஏறக்குறைய அரை மணி நேரம் ஓவனில். முழுக்க வேகக்கூடாது, கடித்தால் கொஞ்சம் எதிர்க்க வேண்டும். ஆறவைத்துப் பரிமாறவும். முடிந்தது கதை.

இதற்குப் பிறகு அந்த மிளகாய் செய்த பயணம் ஒரு சிறுகதைக்குச் சமானம். ஃபிராங்கோ தருஸ்கியோ என்ற இத்தாலியர் வேல்ஸில், அபெர்கவென்னி ஊருக்குப் பக்கத்தில், 1963-லிருந்து 'வால்நட் ட்ரீ இன்' என்ற உணவகம் நடத்திவந்தார். அங்கே இந்த மிளகாய் மெனுவில் ஏறியது. அதைச் சாப்பிட்டுப் பார்த்த சைமன் ஹாப்கின்ஸன் என்ற சமையல்காரர், லண்டனில் 'பிபெண்டம்' உணவகத்துக்குத் தலைமைச் சமையல்காரரானபோது அங்கே போட்டார். அதை டெலியா ஸ்மித் சாப்பிட்டுச் சொக்கிப்போனார். 'சம்மர் கலெக்ஷ'னில் சேர்த்தார். கூடவே பி.பி.சி. டெலிவிஷன் தொடர். விளைவு, இங்கிலாந்து முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே கோடையில் இந்த மிளகாய் வெந்தது.

இங்கே டெலியாவைப் பாராட்ட வேண்டிய முதல் விஷயம்: இந்த வம்சாவளி முழுவதையும் தன் குறிப்பிலேயே சொல்லிவிடுகிறார். டேவிட், தருஸ்கியோ, ஹாப்கின்ஸன் மூன்று பேர் பெயரும் இருக்கிறது. சமையல் உலகில் இது அபூர்வம். பொருள்களின் பட்டியலுக்கு மட்டும் எந்த நாட்டிலும் பெரிதாகப் பதிப்புரிமை கிடையாது. யாருடைய குழம்பையும் யாரும் 'எங்க பாட்டி கைப்பக்குவம்' என்று போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்கிறார்கள். டெலியாவுக்கு அந்த அவசியம் இல்லை.

டெலியா ஸ்மித் யார்? 1941-ல் பிறந்தவர். டேவிட் போல மத்தியதரைக் கடலில் படகில் அலையாதவர். உணவகத்தில் பாத்திரம் கழுவுவதில் ஆரம்பித்து, 1969-ல் பத்திரிகையில் சமையல் பத்தி எழுத வந்தவர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'லெட் இட் ப்ளீட்' இசைத்தட்டின் அட்டையில் ஒரு கேக் இருக்குமே, அது இவர் செய்தது. பிற்பாடு 1998-ல் டெலிவிஷனில் முட்டை வேகவைப்பது எப்படி என்று பாடம் எடுத்தார். பெரிய சமையல் ஆசாமிகள் சிலர் 'ஜனங்களை முட்டாளாக்குகிறார்' என்று பொருமினார்கள். ஜனங்கள் முட்டை வாங்க ஓடினார்கள். 2001-ல் காலின்ஸ் அகராதியில் 'டெலியா' என்பதே ஒரு சொல்லாக ஏறியது.

இனி அவருடைய மிளகாய்க் குறிப்பு. பெரிய சிவப்புக் குடைமிளகாய் 4, நடுத்தரத் தக்காளி 4, டப்பா நெத்திலி 8 துண்டு, பூண்டு 2 பல், ஆலிவ் எண்ணெய், மிளகு, துளசி இனத்து பேஸில் இலை. ஓவன் 180 டிகிரி. 50 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம். அத்தோடு விடவில்லை. மிளகாயின் காம்பை வெட்டாதே. தின்ன முடியாது, ஆனால் வடிவம் கலையாமல் பிடித்துக்கொள்ளும் என்கிறார். தக்காளித் தோலைக் கொதிநீர் ஊற்றி உரி என்கிறார். தட்டு ஆழமில்லாததாக, கனமானதாக இருக்க வேண்டும். ஓரம் உயரமாக இருந்தால் காய்கறியின் விளிம்பு முறுகாது என்கிறார். அடியில் தேங்கும் சாறு வீணாகாமல் தொட்டுக்கொள்ள ரொட்டி தயாராக வைத்துக்கொள் என்கிறார்.

டேவிட் ரசிகர்களுக்கு இது வகுப்பு டீச்சர் பேச்சு. மட்டமான ரசனை என்றுகூடச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறியில் பெரும்பகுதி தண்ணீர். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வாட்டிய வாசனையும் வர அதைவிட 40 டிகிரியாவது கூட வேண்டும். உயரமான ஓரமுள்ள பாத்திரம் ஆவியை உள்ளேயே பிடித்து வைக்கும். அதில் நீங்கள் வாட்டவில்லை, இட்லி மாதிரி அவித்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த பௌதிகத்தை ஒரே வாக்கியத்தில், பௌதிகம் என்று சொல்லாமலே, ஒரு குடும்பத் தலைவிக்குச் சொல்லிவிட்டார் டெலியா. இது டீச்சர்தனம் என்றால் எல்லா டீச்சர்களும் இப்படி இருக்கட்டும்.

நேரத்துக்கு வருவோம். டேவிட்டுக்கு அரை மணி, டெலியாவுக்கு ஒரு மணி. யார் சரி? இரண்டும் வேறு வேறு பண்டம். டேவிட்டின் மிளகாய் கடிபடும், பச்சை வாசனை கொஞ்சம் மிச்சமிருக்கும், வெண்ணெய் அதைச் சமாதானப்படுத்தும். ஆறிய பிறகு வெண்ணெய் லேசாக உறையும் என்பது அதன் குறை. டெலியாவின் மிளகாய் துவண்டு, ஓரம் கறுத்து, தித்திப்பாகி, தக்காளிச் சாறும் எண்ணெயும் கலந்து சின்னக் குளமாக நிற்கும். வெண்ணெய் கிடையாது. கோடை ராத்திரிக்கு, ஆறினபின் சாப்பிட, என் ஓட்டு டெலியாவுக்கு.

நெத்திலிக்கு இதில் என்ன வேலை? நம் நெத்திலிக்கு ஒன்றுவிட்ட சகோதரன்தான் மத்தியதரைக் கடல் ஆங்கோவி. அதைப் பிடித்ததும் உப்போடு அடுக்கி மாதக்கணக்கில் பதப்படுத்தி, பிறகு எண்ணெயில் போடுகிறார்கள். உப்பில் ஊறும்போது புரதம் உடைந்து குளுட்டமேட் சேர்கிறது. மீன் சதைக்கே உரிய இனோசினேட்டும் இருக்கிறது. தக்காளியிலும் குளுட்டமேட் உண்டு. குளுட்டமேட்டை 1908-ல் இக்கேடா என்ற ஜப்பானிய விஞ்ஞானி கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்து 'உமாமி' என்று பெயர் வைத்தார். இந்த இரண்டு சமாசாரமும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு ருசி தெரியும். பீட்மாண்ட் பாட்டிகளுக்கு இக்கேடாவைத் தெரியாது. நாக்கு தெரியும். ஓவனில் நெத்திலி கரைந்து காணாமல் போய்விடும், 'மீன் எங்கே?' என்று விருந்தாளி கேட்பார். அதுதான் வெற்றி. நம் நெத்திலிக் கருவாட்டை வைத்துப் பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்கு: வேண்டாம். அது காய வைத்தது. கரையாது, முறைத்துக்கொண்டு நிற்கும். சைவர்கள் ஆலிவ் காயைப் பொடியாக நறுக்கிப் போட்டு, கொஞ்சம் உப்பைக் கூட்டிக்கொள்ளலாம்.

எளிய சாப்பாட்டுக்கு ஏன் நீளமான விளக்கம் என்றேன் அல்லவா? இங்கேதான் காரணம். புளியும் மிளகாய்த்தூளும் போட்ட குழம்பு பெருந்தன்மையானது. மீன் இரண்டு நிமிஷம் அதிகம் வெந்தாலும் குழம்பு காட்டிக்கொடுக்காது. எண்ணெயும் எலுமிச்சம்பழமும் மட்டும் தொட்ட மீன் துண்டில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. காய்கறியின் செல் சுவர் இளக 85 டிகிரிக்கு மேல் வேண்டும், அதுவும் நேரமெடுத்து. மீன் சதை 55, 60 டிகிரியிலேயே தயார். ஆட்டுக்கறி மாதிரி நீளமான தசைநார்களும் கெட்டியான இணைப்புத் திசுவும் அதற்கு இல்லை. தண்ணீரில் மிதக்கும் ஜந்துவுக்கு அதெல்லாம் எதற்கு? ஆகவே மீனையும் குடைமிளகாயையும் ஒரே தட்டில் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளினால் ஒன்று பச்சையாக இருக்கும், அல்லது மற்றது பஞ்சாகிவிடும்.

சரியான வரிசை இது. முதலில் மிளகாய், ஒரு மணி நேரம். எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்; வெதுவெதுப்பாகத்தான் சாப்பிடப்போகிறோம். ஓவனை 230 டிகிரிக்கு ஏற்றுங்கள். மீன் துண்டை ஈரம் போகத் துடைத்து, எண்ணெயும் உப்பும் தடவுங்கள். கனடாவின் மீன்வளத் துறை பரப்பிய ஒரு பழைய கணக்கு இருக்கிறது: மிகத் தடித்த இடத்தில் ஓர் அங்குலத்துக்கு 10 நிமிஷம். 8-வது நிமிஷமே திறந்து பார்ப்பது உத்தமம். முள்கரண்டியால் தொட்டால் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும், நடுவில் கண்ணாடிபோல் இருந்தது பால்வெள்ளையாக மாறியிருக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் கொஞ்சம் வேகும் என்பதைக் கணக்கில் வைக்கவும். மிளகாய்த் தட்டின் சாற்றை மீன்மேல் ஊற்றினால் சாஸ் என்று தனியாக எதுவும் வேண்டாம்.

இந்தப் பத்தியை எழுத எனக்கு இத்தனை வாக்கியம் ஆயிற்று. டேவிட் 'மீனைப் பதமாக வாட்டவும்' என்று முடித்திருப்பார். அவர் அப்படி எழுதக் காரணம் சோம்பல் இல்லை. ஏற்கெனவே சமைக்கத் தெரிந்த, அல்லது ஒரு காலத்தில் சமையல்காரி வைத்திருந்து இப்போது தானே அடுப்படிக்கு வந்துவிட்ட வர்க்கத்துக்கு அவர் எழுதினார். பதம் தெரிந்தவருக்குப் 'பதமாக' என்பது போதும். தெரியாதவருக்கு அது பூட்டிய கதவு. இந்தக் கதவைத் திறந்துவிட்டது டெலியாவின் சாதனை. வேலையிலிருந்து ஆறரை மணிக்கு வீடு திரும்பும் ஒரு குமாஸ்தா, மத்தியதரைக் கடலைக் கண்ணால் பார்க்காதவர், அந்த ராத்திரியே அதன் ருசியைச் சாப்பிட முடிந்தது.

அப்படியானால் டேவிட் தோற்றாரா? அங்கேதான் டெலியாவின் மேல் எனக்கு ஒரு புகார். நிமிஷமும் டிகிரியும் துல்லியமாகக் கிடைத்துவிட்டால் மனுஷன் கடைக்குப் போய்ப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். புத்தகத்தில் 4 சிவப்புக் குடைமிளகாய் என்று போட்டிருக்கிறது, வாங்கு. டிசம்பராக இருந்தாலும் வாங்கு. ஹாலந்திலும் ஸ்பெயினிலும் கண்ணாடிக் கூரைக்கும் பிளாஸ்டிக் கூரைக்கும் கீழே அது விளைந்துகொண்டே இருக்கிறது. தித்திப்பு இல்லாத தக்காளி, வாசனை இல்லாத மிளகாய், ஒரு மணி நேரம் வாட்டினாலும் வராத ருசி. மீன் கதை இன்னும் மோசம். கோடை மெனுக்களின் செல்லப் பிள்ளையான 'சீ பாஸ்', நம் கொடுவா மாதிரி வெள்ளைச் சதை மீன், வடக்கு ஐரோப்பியக் கடலில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு, 2015-ல் ஐரோப்பிய யூனியன் அவசரக் கட்டுப்பாடு போட வேண்டிவந்தது. இன்றைக்கு அங்கே சூப்பர் மார்க்கெட்டில் தட்டு சைஸுக்கு ஒரே அளவாக அடுக்கியிருப்பது பெரும்பாலும் கிரீஸ், துருக்கிப் பண்ணைகளில் வளர்த்தது. 'இன்றைக்கு எந்த மீன் நன்றாக இருக்கிறதோ அதை வாங்கு, அதற்கேற்பச் சமை' என்பது டேவிட்டின் கட்சி. 1955-ல் அது ரசனை. இன்று அது கடலைக் காப்பாற்றும் வழி. உறைய வைத்த பட்டாணி மேல் அவர் காட்டிய கோபத்தை அப்போது பணக்கார அலட்டல் என்று சிரித்தவர்கள் உண்டு. இப்போது சிரிக்க முடியவில்லை.

ஆக, தீர்ப்பு. கூடையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகும்வரை டேவிட் சொல்வதைக் கேளுங்கள். எது பருவம், எதைச் சீண்டக்கூடாது, எதை விட்டுவிடலாம் என்பதில் அவரை விஞ்ச ஆளில்லை. வீட்டுக்கு வந்து ஓவனைப் பற்றவைத்த பிறகு டேவிட்டைப் புத்தக அலமாரியில் வைத்துவிட்டு டெலியாவைத் திறங்கள். ஒருவர் பசியைக் கிளப்பினார், மற்றவர் சோறு போட்டார். நல்ல சமையல் புத்தகத்தில் இரண்டும் இருக்க வேண்டும். ஒரே அட்டைக்குள் இரண்டும் இருக்கும் புத்தகம் அபூர்வமாகத்தான் வருகிறது.

ஹாப்கின்ஸனின் 'ரோஸ்ட் சிக்கன் அண்ட் அதர் ஸ்டோரீஸ்' (1994) அதற்குக் கிட்டத்தில் வருகிறது. அதே பீட்மாண்ட் மிளகாய் அதிலும் இருக்கிறது. ஒரே பண்டத்துக்கு மூன்று புத்தகம் வாங்குவது ஊதாரித்தனம் என்று வீட்டில் சொன்னால், மிளகாயைச் செய்து கொடுத்துவிட்டு வாதாடுங்கள். ரொட்டியை மறக்க வேண்டாம், அந்தச் சாறு!